குனியத் தடை

காலை ஆறு மணிக்கு ஜெசிந்தாவின் முதுகு பேசியது.

"வலி அளவு ஆறு. இன்று குனியத் தடை."

பிடரியிலிருந்து இடுப்புவரை ஓடிய காப்புச் சட்டகத்தின் கண்ணிகள் ஒவ்வொன்றாக இறுகின. அவள் விறைத்து நின்றபடியே பல் தேய்த்து, நெஞ்சுயரத்தில் பொருத்தியிருந்த தொட்டியில் துப்பினாள். தூத்துக்குடியில் இப்போது பாதி வீடுகளில் தொட்டி அந்த உயரத்தில்தான் இருந்தது.

உடல் காப்புச் சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேலையில் அடிபட்டவர்களின் தண்டுவடத்தருகே ஒரு வலியுணரியைப் பதித்துவிடுவார்கள். அளவு நான்கைத் தாண்டினால் சட்டகம் பூட்டிக்கொள்ளும். காயம் பெரிதாகிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

முதலில் ஜெசிந்தாவையும் அது காத்தது. துறைமுகத்தில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும்போது ஓர் இரும்புத் தண்டு நழுவி அவள் இடுப்பில் விழுந்திருந்தது. ஆனால் அது நடந்து மூன்று ஆண்டுகள். அளவு ஒருநாளும் ஐந்துக்குக் கீழே இறங்கவில்லை. துறைமுகத்தில் அவளை ஒரு கணினித் திரைக்கு முன் உட்காரவைத்தார்கள். வீட்டில் அவள் கால் நகங்களைக் கணவன் லியோன் வெட்டிவிட்டான்.

அந்த ஆண்டுச் சோதனையில் புதிதாக வந்திருந்த இயன்முறை மருத்துவர் பொன்மதி படங்களை நெடுநேரம் பார்த்தாள்.

"அக்கா, உங்க முதுகுல இப்ப காயமே இல்ல. எல்லாம் மூணாம் மாசமே ஆறிட்டு."

"அப்ப நான் பொய் சொல்லுதேனா?"

"இல்லக்கா. வலி நெசம். ஒரு தடவ திருடன் வந்த வீட்டு நாய், அதுக்கப்புறம் பால்காரனப் பாத்தாலும் குரைக்கும்லா? உங்க நரம்பும் அப்படித்தான். குனிஞ்சாலே திருடன்னு நெனைக்கி."

"இந்தச் சட்டகம்?"

பொன்மதி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாயக் கட்டிப்போட்டிருக்கு. கட்டிப்போட்டா இன்னும் குரைக்கும். பால்காரனோட பழக விடணும்க்கா, கொஞ்சங் கொஞ்சமா."

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. தன்பொறுப்புப் படிவத்தில் கையெழுத்திட்டால் சட்டகத்தைக் கழற்றிவிடுவார்கள்; உள்ளே பதித்த வலியுணரி மட்டும் இருக்கும். அதன்பின் அந்த முதுகுக்கு அரசு மருத்துவம் கிடையாது. காப்புக் குழு சம்மதிக்கும்வரை துறைமுகத்துக்குள்ளும் போக முடியாது.

லியோன் பயந்தான். "ஒடிஞ்சு கிடந்தா நான் என்ன செய்வேன், ஜெசி?"

"மூணு வருசமா ஒடியாமத்தான இருக்கேன்? இருந்து என்னத்தக் கண்டேன்?"

கையெழுத்துப் போட்டாள்.

சட்டகம் கழன்ற அன்று முழங்கால்வரைதான் குனிய முடிந்தது. இடுப்பில் கொள்ளிக்கட்டையால் சுட்டதுபோல் இருந்தது. பொன்மதி வேலை முடிந்ததும் வீட்டுக்கு வருவாள். நேற்றைவிட விரற்கடை அதிகம், அவ்வளவுதான் கேட்பாள். நான்காம் வாரம் உடம்பு லேசாக இருந்த தைரியத்தில் ஜெசிந்தா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். சட்டகத்துக்குத் திரும்ப விண்ணப்பம் வாங்கிவந்தான் லியோன். அவள் அதைத் தலையணைக்கடியில் செருகிவிட்டு, நான்காம் நாள் எழுந்து அரைக்குடம் தூக்கினாள். ஆறாம் மாதம் தரையில் உட்கார்ந்து மீன் அரிந்தாள். சில காலைகளில் வலி முன்போலவே வந்தது. வலியோடேயே வீட்டைப் பெருக்கினாள்.

காப்புக் குழு அவளை விசாரணைக்கு அழைத்தது. தலைவர் கனகவேல், மேசைமேல் இருந்த அளவுத்திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். ஜெசிந்தா குனிந்து இருபது கிலோ மூட்டையைத் தூக்கி, அறையை ஒருமுறை சுற்றிவந்து இறக்கினாள்.

"ஆறு காட்டுதே அம்மா. வலிக்குதா இல்லையா?"

"வலிக்கி சார்."

"அப்புறம் எப்படித் தூக்குனீங்க?"

"கையாலதான். நீங்க வலிய அளக்கீங்க. நான் தூக்குனத எதுல அளப்பீங்க?"

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். கனகவேல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகத்தில் கோபமில்லை, தயக்கம்தான் இருந்தது. "விதியில நாலுன்னுதான் இருக்கு. அளவு நாலுக்குக் கீழ வந்ததும் மனு போடுங்க. அதுவரைக்கும் அனுமதி இல்ல."

"என் முதுகு மாறிட்டு சார். இனி உங்க புத்தகந்தான் மாறணும். மாறுறவரைக்கும் மாசாமாசம் மனு போடுவேன். மாசாமாசம் இங்க வந்து மூட்டை தூக்குவேன். மூட்டைய எடுத்து வச்சிருங்க."

வெளியே நீண்ட பெஞ்சில் பதினொரு பேர், நட்டுவைத்த கம்புகளைப்போலச் சட்டகங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். உப்பு ஆலைச் சீருடை அணிந்த ஒருவரின் கையிலிருந்து தாள் நழுவித் தரையில் விழுந்தது. பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள். எடுக்க எவராலும் முடியவில்லை.

ஜெசிந்தா குனிந்தாள். இடுப்பு சுள்ளென்று இழுத்தது. அவசரப்படாமல் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சட்டகக் காலத்தை நீட்டிக்கக் கேட்கும் மனு அது.

"எத்தன வருசமாண்ணே?"

"ஏழு."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, தாளின் பின்பக்கத்தில் தன்பொறுப்புப் படிவத்தின் எண்ணை எழுதினாள். அதன்கீழே தன் வீட்டு முகவரியையும் பொன்மதியின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டுமுறை படித்தார். "வலிக்குமேம்மா?"

"வலிக்கும். வாங்க."

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "அந்த நம்பர எனக்கும் சொல்லுங்கக்கா."

மற்றவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாமல், முழு உடம்போடும் அவள் பக்கம் திரும்பினார்கள்.