கத்தரிப்பூக் கண்கள்

குழந்தை பிறந்ததும் பையனா பெண்ணா என்று கேட்பது பூமியின் வழக்கம். செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் யாரும் அதைக் கேட்பதில்லை. கரு உண்டான வாரமே தெரிந்துவிடுகிற சங்கதி அது. அங்கே முதல் கேள்வி, "கண்ணுக்கு விட்டாச்சா?" என்பதுதான். ஆச்சு என்று செவிலியந்திரம் சொன்ன பிறகே தகப்பனை உள்ளே விடுவார்கள், இனிப்பு கொடுப்பார்கள்.

காரணம் செம்பாசி. குவிமாடத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும் காற்றில் மிதக்கும் ஒரு நுண்ணுயிர். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. அப்போதுதான் திறந்த கண் கிடைத்தால் போதும், உள்ளே குடியேறிப் பார்வையைத் தின்றுவிடும். முதலில் வந்த குடியேறிகளின் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் பார்வை இழந்தார்கள். பிறகு காப்புத்துளி வந்தது. பிறந்த உடனே ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு, அவ்வளவுதான், ஆயுசுக்கும் பயமில்லை. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, எல்லாருக்கும் இலவசம் வேறு. நாளடைவில் அதற்கு மரியாதையும் இல்லாமல் போயிற்று.

தமயந்திக்கு நிறைமாதம். அவள் கவலை செம்பாசியைப் பற்றியது அல்ல, ஓரகத்தி சுகிர்தாவைப் பற்றியது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே, சுகிர்தாவுக்கு எல்லாம் ஒரு படி மேலாகக் கிடைப்பதாகத் தமயந்திக்குப் புகைச்சல். வெயில் விழும் சன்னல் சுகிர்தாவின் அறைக்குத்தான். தக்காளி காய்ப்பது சுகிர்தாவின் தொட்டியில்தான். இப்போது சுகிர்தா ஒரு பெண்ணைப் பெற்று எடுத்து வந்திருக்கிறாள், அந்தப் பெண்ணின் கண்களோ பளிச்சென்ற ஊதா.

"கண்ணா இது! கத்தரிப்பூ மாதிரியில்ல இருக்கு!" என்று மாமியார் பேத்தியைக் கீழேயே விடவில்லை.

"எப்படிக்கா இப்படி ஒரு நிறம்?" என்று கேட்டாள் தமயந்தி.

"ஏதோ தனி மருந்தாம். பெரிய டாக்டரம்மாவே வந்து விட்டாங்க," என்றாள் சுகிர்தா, குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே.

தமயந்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. "நம்ம பிள்ளைக்கும் அதே மருந்துதான். இல்லேன்னா நடக்கிறதே வேற," என்று கணவன் செழியனிடம் சொன்னாள். "கேட்டுப் பார்ப்போம்," என்றான் அவன். எதற்குமே அவன் அப்படித்தான் சொல்வான்.

பையன் பிறந்தான். நல்ல எடை, வார்டே திரும்பிப் பார்க்கிற குரல். எல்லாரும் நர்சம்மா என்று கூப்பிடும் அந்தச் செவிலியந்திரம் காப்புத்துளியோடு குனிந்தது. தமயந்தி பிள்ளையின் முகத்தைத் தோளோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

"இது வேண்டாம். ஊதா மருந்து விடுங்க."

"ஊதா மருந்து சிகிச்சைக்கானது. இது காப்புக்கானது. உங்கள் குழந்தைக்கு இதுவே போதும்."

போதும் என்ற சொல் அவளைச் சுட்டது. தனக்கென்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் எப்போதும் இதுவே போதும்!

"என் ஓரகத்தி பொண்ணுக்கு மட்டும் இது போதலையா?"

"பிறருடைய மருத்துவ விவரங்களைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"பாத்தீங்களா, மறைக்குது!" என்றாள், திரைக்கு அப்பால் நின்ற செழியனைப் பார்த்து.

சிகிச்சை பெரியது, காப்பு சின்னது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மாத்திரை எழுதிய டாக்டரைவிட ஊசி போட்ட டாக்டரே கெட்டிக்காரர் என்று நம்பிய வம்சம். கோள் மாறியும் குணம் மாறவில்லை. தாமதித்தால் பார்வை போகும் என்று நர்சம்மா மறுபடி மறுபடி எச்சரித்தது. தாயின் சம்மதம் இல்லாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்பது குவிமாடச் சட்டம். டாக்டரம்மா இருந்ததோ ஐந்தாம் குவிமாடத்தில், வெளியே புழுதிப்புயல்.

"விடச் சொல்லேன், தமயா," என்று செழியன் கெஞ்சினான்.

"நீங்க பேசாம இருங்க. டாக்டரம்மா வரட்டும்."

புயல் ஓய்ந்து டாக்டரம்மா வந்தபோது பிள்ளையின் இமைகள் வீங்கி ஒட்டிக்கிடந்தன. ஓரத்தில் சீழ். அந்தப் பெரிய குரல் முனகலாகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. இமைகளைப் பிரித்து ஊதா மருந்தை விட்டுக் கட்டுப்போட்டார். கேட்டது கிடைத்த தமயந்தி, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கட்டவிழ்த்த அன்று டாக்டரம்மா ஒரு விளக்கைக் குழந்தையின் முகத்தெதிரே மெல்ல ஆட்டினார். ஊதாக் கண்கள் விளக்கோடு நகர்ந்தன.

"பார்வை தப்பிச்சுது," என்றார். "ஆனா நிறம் தெரியாது. இந்த மருந்து பாசியைக் கொல்றப்போ நிறம் பாக்கிற செல்லையும் சேத்துக் கொன்னுடும். அதோட கறைதான் இந்த ஊதா."

"எந்த நிறமுமா டாக்டர்?"

"எதுவுமே. தன் கண்ணு என்ன நிறம்னுகூட யாராவது சொன்னாத்தான் அவனுக்குத் தெரியும்."

சுகிர்தா பார்க்க வந்தாள். அவளைக் கண்டதும் தமயந்தி பொங்கினாள். "தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா சொல்லலை?"

சுகிர்தா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "வார்டுல எதிர்ப்படுக்கைப் பிள்ளைக்கு ஊதாக் கண்ணு. அதைப் பாத்துட்டுத்தான் நானும் அடம்பிடிச்சேன். அழுதுகிட்டே வீட்டுக்கு வந்தேன். நீ என் பொண்ணை ஏக்கத்தோட பாத்தே. இத்தனை வருஷமா உன்னைப் பாத்துப் பொருமிக்கிட்டு இருந்தவ நான். உன் புருஷன் உன் பேச்சைத் தட்டமாட்டான், நீ சிரிச்சா அத்தையும் சிரிப்பாங்க. முதல் தடவையா நீ என்னைப் பாத்துப் பொறாமைப்பட்டே. அதை இழக்க எனக்கு மனசு வரலை, தமயா."

ஓங்கி ஓர் அறை விடத்தான் தமயந்தி நினைத்தாள். கை எழவில்லை. சுகிர்தா சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

அன்று பிற்பகல் பக்கத்துப் படுக்கையில் கோமளா என்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. வந்ததிலிருந்தே அவள் பார்வை தமயந்தியின் மகன்மேல்தான்.

"எனக்கும் அந்த ஊதாதான் வேணும்," என்றாள் நர்சம்மாவிடம்.

தமயந்தி பதறி எழுந்தாள். "வேண்டாங்க! அது நோய் வந்த கண்ணுக்கு விடறது. என் பிள்ளைக்கு நிறமே தெரியாமப் போச்சு!"

"உங்க பிள்ளைக்கு மட்டும் இருக்கணும்னு சொல்றீங்களாக்கும்," என்றாள் கோமளா.

நர்சம்மா ஒரு நொடி அசையாமல் நின்றது. அண்மையில் வார்டில் நடந்த மறுப்புகள் அனைத்தையும் அந்த நொடிக்குள் அலசியது. பிறகு கோமளாவின் காதருகே குனிந்து, அதுவரை யாரும் கேட்டிராத குரலில் பேசியது.

"ஊதாவை விடுங்கம்மா, அது இப்போ யார் கேட்டாலும் கிடைக்குது. இது உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சது. நிறமே தெரியாது, அவ்வளவு ஒசத்தி. பக்கத்துப் படுக்கைக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

கோமளா தானே குழந்தையின் இமைகளை விரித்துப் பிடித்தாள். சொட்டுகள் விழுந்தன. நிமிர்ந்து தமயந்தியை ஒரு பார்வை பார்த்தாள், ஜெயித்துவிட்ட பார்வை.

அது தான் மறுத்த அதே காப்புத்துளி என்று தமயந்திக்குத் தெரியும். கோமளாவின் குழந்தை கண்ணைத் திறந்து, சன்னல் பக்கம் விழித்துப் பார்த்தது. வெறும் கறுப்புக் கண்கள். தமயந்திக்கு வயிறு எரிந்தது.