பாத்திக்குப் போட்ட எரு

நேற்று சாயங்காலம் சவரிராயன் பாத்தியில் புதைத்த வாழைமட்டையும் புங்கந்தழையும் காலையில் அங்கே இல்லை என்பதை முதலில் கவனித்தது அவர் மனைவி ராயம்மாள்தான். கூடை கூடையாகக் கொட்டி மூடியபோது மண் முழங்கால் உயரத்துக்கு மேடிட்டிருந்தது; இப்போது மெழுகிய தரைபோல மட்டமாக, கறுத்து, ஈரமாகக் கிடந்தது. தழை மக்க மாசக்கணக்கில் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. பக்கவாதத்தில் கைகால் விழுந்து பேச்சும் போனதிலிருந்து, பின்பக்க ஜன்னலோரக் கயிற்றுக் கட்டிலும் அதிலிருந்து தெரிந்த அந்தப் பாத்தியும்தான் அவள் உலகம்.

எண்பத்து மூன்றாம் வருஷம். மாரண்டஹள்ளிப் பக்கம் மழை பொய்த்து ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சவரிராயன், பெண்டாட்டிக்குத் தினமும் பச்சைக் காய்கறி கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஏரியின் நடுப்பள்ளத்தில் ஆழமாக வெட்டி, அங்கே மட்டும் காயாமல் இருந்த வண்டலை மாட்டுவண்டியில் கொண்டுவந்து பாத்தியில் பரப்பியிருந்தார். மேலே தொழுவுரம், அடுப்புச் சாம்பல், வேப்பம்புண்ணாக்கு.

“பாரு ராயம்மா, மண்ணு என்னமா தின்னுது!” என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியான வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கையில், ஜன்னலுக்கு வெளியே பல்லில்லாத வாய் ஒன்று எதையோ மென்று மென்று விழுங்குவதுபோல ஒரு நசநசப்பு கேட்கும். காற்று அடித்தால் அழுகல் நாற்றம் வராது. காய்ச்சல்காரன் படுத்த பாயை உதறியதுபோல வெதுவெதுப்பான வேர்வை வாடை வரும். கோழிகள் அந்தப் பக்கமே போவதில்லை.

எருமைக்கே புல் இல்லாத ஊரில் கத்தரி இடுப்பளவு வளர்ந்து, காய்த்துத் தொங்கியது. தழை கிடைக்காத நாளில் மட்டும் செடிகள் தலை தொங்கிப்போகும். சவரிராயன் பதறுவார். பக்கத்து வீட்டு மாரப்பனின் கன்று தீனியில்லாமல் செத்தபோது, அதைக் கேட்டு வாங்கிவந்து பாத்தியில் குழிவெட்டிப் புதைத்தார். மறுநாள் கிளறினால் கழுத்துக் கயிறு மட்டும் வந்தது. முடிச்சு அவிழாமல். எலும்பு இல்லை. குளம்பு இல்லை.

கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். பயந்துவிட்டார், இனி விட்டுவிடுவார் என்று ராயம்மாள் நினைத்தாள். அவர் கத்தரிக்காய் பறித்துக் குழம்பு வைத்து, சோற்றில் பிசைந்து ஊட்ட வந்தார். அவள் பல்லை இறுக்கிக்கொண்டாள்.

“ஒரு வாயி, கண்ணு. உனக்காவத்தான இம்புட்டும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் விழுங்கினாள்.

பிறகு ஊரில் மிச்சமிருந்த மாடுகளையெல்லாம் சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். போட ஒன்றுமில்லை. பாத்தியில் வெடிப்பு விட்டது.

வெயில் இறங்கும் நேரம். சவரிராயன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி, மண்டியிட்டு, வெடிப்புக்குள் கைவிட்டு மண்ணை அளைந்து பார்த்தார். கை மணிக்கட்டுவரை போனது. முழங்கைவரை போனது. இழுத்தார். வரவில்லை.

“ராயம்மா,” என்றார், சாதாரணக் குரலில்தான். “யாரயாச்சும் கூப்புடு.”

அவளுக்குப் பேச்சு இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வாயைத் திறந்தாள். காற்று வந்தது. எச்சில் வழிந்தது. அவர் தோள் இறங்கியது. அவர் முகம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவளால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளக்கூட முடியவில்லை.

நசநசப்பு.

பிறகு மண் மட்டமாக இருந்தது.

“மாமா எங்கக்கா? செருப்பு இங்கயே கெடக்குது?” அவளைத் துடைத்துவிட வந்த மாரப்பன் மனைவி தீர்த்தம்மாள் கேட்டாள். பாலக்கோடு, தருமபுரி என்று ஆள் போய்த் தேடினார்கள். ஓசூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தீர்த்தம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். நல்ல மனுஷி. தலைவாரி விடுவாள். பாத்தியில் கத்தரிக்காய் பறித்துக் குழம்பு வைப்பாள்.

ராயம்மாளிடம் மிச்சமிருந்தது கண் மட்டும். தீர்த்தம்மாளைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். திரும்பத் திரும்ப. கண்ணீர் காதுவரை ஓடியது.

“தோட்டத்தயே பாக்கறியேக்கா. அங்க போவணுமா?”

இல்லை என்று கண்ணை இறுக மூடினாள்.

“செரி, செரி, அழாத. வூட்டுக்குள்ளயே கெடந்தா யாருக்குத்தான் புழுங்காது? ஏங்க, இங்க வாங்க, ஒரு கை புடிங்க.”

மாரப்பன் வந்து ஒரு பக்கம் பிடித்தான். கட்டிலோடு தூக்கி, கத்தரிச் செடிகளுக்கு நடுவே, வேப்பமர நிழல் விழும் இடத்தில் வைத்தார்கள்.

“மண்ணு மெத்துனு இருக்குது. காத்தாடப் படுத்திரு அக்கா. கஞ்சி கொண்டாறேன்.”

இருவரும் போனார்கள். உள்ளே பாத்திரச் சத்தம்.

வேர்வை வாடை.

கட்டில் அசைந்தது. நான்கு கால்களும் ஒன்றுபோல, சத்தமில்லாமல் இறங்கின. கத்தரிச் செடிகள் அவள் முகத்துக்கு மேலே உயர்ந்தன. உணர்ச்சியற்ற கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மண் மெல்ல மேலே எழும்பி வந்து அதன் சுண்டுவிரலைத் தொட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது.

விரலைச் சுற்றி மண் உதடுபோலக் குவிந்து, சப்பத் தொடங்கியது.