பட்டைச்சிறகன் வாழும் இடம்

நாலாம் குமிழியில் காலையில் எழுந்ததும் முதல் வேலை, பயிருக்கு மூச்சுவிடப் போவது. வீட்டுக்கு ஒருவராவது பல் தேய்த்த கையோடு கேழ்வரகு வயலோரம் குந்தி, தாள்களின் மேல் நிதானமாக ஊதவேண்டும். நாம் விடுகிற கரியமில வாயுவைப் பயிர் தின்றுவிட்டுப் பதிலுக்குப் பிராணவாயு தரும். ஊதாத வீட்டுக்கு அன்றைக்குக் குடிநீர் பாதிதான். செவ்வாயிலும் சோம்பேறிகள் உண்டு. ஆனால் மூச்சுவிடச் சோம்பல்பட்டவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

குமிழி என்றால் கண்ணாடிக் கூரை, அதற்குள் ஒரு தெரு, தெருவுக்கு எதிரே வயல், அவ்வளவுதான். தெருவில் பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்களின் வம்சம். காற்று, கதவு, தண்ணீர் எல்லாம் கண்காணி என்ற இயந்திர மூளையின் பொறுப்பு. ஜனங்கள் அதைக் 'கண்காணியார்' என்றார்கள். நம் மூச்சைக் கையில் வைத்திருப்பவரை அது, இது என்று பேச யாருக்கு மனம் வரும்?

அன்று வேலம்மை தனக்கும் கணவனுக்குமாகச் சேர்த்து ஊதினாள். கணவன் நயினாருக்குப் புது நுரையீரல் பொருத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தொட்டியில் வளர்த்த நுரையீரல். இந்தக் குமிழியின் காற்றழுத்தத்துக்கே அளவெடுத்து வளர்த்தது. உடம்போடு நன்றாக ஒட்ட ஆறு மாதமாகும். அதற்கு முன்னால் அடுத்த குமிழிக்குப் போகும் சுரங்கத்தில் அவனை ஏற்றினால், அங்கே அழுத்தம் மாறுகிறபோது நுரையீரல் ஊதின பை மாதிரி கிழிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஊதி முடித்துத் திரும்பி வரும்போது, வேலம்மையின் காலடியில் கிடந்த கூழாங்கல் ஒன்று சடசடவென்று சத்தம் போட்டபடி எழும்பிப் பறந்தது. நாலடி தள்ளி விழுந்து மறுபடியும் கூழாங்கல்லாகிவிட்டது.

"ஆத்தே! வெட்டுக்கிளி!" என்று அலறிவிட்டாள்.

அவ்வளவுதான். கூரையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

மூன்றாம் குமிழியில் முன்பொருமுறை பூமியிலிருந்து வந்த மண்ணோடு வெட்டுக்கிளி முட்டையும் வந்திருக்கிறது. கூட்டம் கிளம்பிப் பச்சையென்று இருந்ததையெல்லாம் மொட்டையடித்தது. அங்கே இப்போது யாரும் மூச்சுவிடப் போவதில்லை. அன்றுமுதல் ஒரு சட்டம். வெட்டுக்கிளி என்ற சொல் கண்காணியின் காதில் விழுந்தால், பொழுது சாய்வதற்குள் ஜனங்களைச் சுரங்கம் வழியே வெளியேற்றிவிட்டுக் குமிழியின் காற்றைத் திறந்துவிட வேண்டும். பயிரைத் திரும்ப விதைத்துக்கொள்ளலாம். நயினாரைத் திரும்ப விதைக்க முடியுமா?

வேலம்மை, கண்காணியின் குரல் வரும் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஐயா, வாய் தவறிட்டு. அது வெட்டுக்கிளி இல்ல, தத்துக்கிளி."

"இரண்டும் ஒன்று என்கிறது அகராதி" என்றது சுவர்.

"எங்க பேச்சுல அப்படித்தான் ஐயா. ஊரையே திங்கிறதும் வெட்டுக்கிளிதான், ஒரு புல்லைக் கடிச்சிட்டு ஓரமாக் கெடக்கிறதும் வெட்டுக்கிளிதான். ரெண்டுக்கும் தனித்தனியாப் பேரு வைக்கலயே எங்காளுக!"

கண்காணி கொஞ்சம் யோசித்தது. "பின்சிறகைக் காட்டுங்கள். வண்ணச் சிறகில் கரும்பட்டை இருந்தால் அது பட்டைச்சிறகன், சாது. சிறகு கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தால் கூட்டம் சேர்கிற இனம். உட்கார்ந்திருக்கும்போது சிறகு தெரியாது, பறந்தால்தான் தெரியும். எந்த இடத்தில் பார்த்தீர்கள்?"

வேலம்மை திரும்பிப் பார்த்தாள். வாசலில் தெருவே கூடியிருந்தது. நயினாரின் தம்பி சங்கரபாண்டி கூட்டத்தின் முன்னால் நின்று, 'வேண்டாம்' என்று கண்ணாலேயே சொன்னான்.

விஷயம் இதுதான். வயலைச் சுற்றி அழகாகக் கல் பாவிய பாதை உண்டு. ஆனால் ஊதப் போகிற மறுகரைக்கு அது சுற்று வழி. ஆகையால் தெருவார் கேழ்வரகுக்கு நடுவே குறுக்காக நடந்து நடந்து ஓர் ஒற்றையடிப் பாதையைத் தேய்த்து வைத்திருந்தார்கள். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு, கேழ்வரகு ஆளுயரத்துக்கு மேல் வளரும். மேலே பறக்கிற கண்காணியின் கண்களுக்குப் பாதை தெரியாது. பயிரை மிதிப்பது அங்கே பெருங்குற்றம். ஒருவர் மிதித்தது தெரிந்தால் தெருவுக்கே தண்ணீர் குறையும்.

"வரப்போரமாப் பார்த்தேன் ஐயா" என்றாள்.

எலுமிச்சம்பழம் அளவிலான பறக்கும் கண்கள் வரப்பெல்லாம் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. நிழல்கள் நீண்டன. ஜனங்கள் பாத்திரம் பண்டங்களோடு சுரங்க வாசலில் வரிசை கட்டினார்கள்.

"நீ போடி" என்றான் நயினார், படுக்கையில் கிடந்தபடி. புது நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி சத்தம் போட்டது. "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். ரெண்டு பேரும் சாகணுமா?"

"சும்மா கெடங்க" என்றாள்.

சங்கரபாண்டி மெதுவாக வந்தான். "மதினி, நெதானமா யோசிங்க. பாதையைச் சொன்னா தெருவுக்கே தண்ணி போயிரும்."

"கெடக்கிறது ஒன் கூடப்பொறந்த அண்ணன்டா!"

"அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் யோசிச்சேன்" என்றான் அவன்.

வேலம்மை சுவரிடம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "ஐயா, பொய் சொல்லிட்டேன். வயலுக்கு நடுவுல ஒரு குறுக்கு வழி இருக்கு. அங்கதான் பார்த்தேன். நாங்க எல்லாரும் அதுலதான் நடக்கோம்."

வரிசையில் நின்றவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதையில் இறங்கினாள். பறக்கும் கண் ஒன்று தோளுக்கு மேலே கூடவே வந்தது. செம்மண், சிறு கற்கள். எது கல், எது உயிர் என்று சொல்ல முடியவில்லை. கவனிக்காமல் மிதித்துவிட்டால் சிறகும் இல்லை, சாட்சியும் இல்லை. கட்டைவிரலை வைத்து, மண்ணைத் தடவி, பிறகே பாதத்தைப் பதித்தாள். அது பறந்து, சிறகு கண்ணாடியாக இருந்துவிட்டால்? அப்படியே நின்றாள். தூரத்தில் சுரங்கக் கதவு முனகித் திறந்தது.

இன்னும் ஓர் அடி வைத்தாள்.

சடசடவென்று எழும்பியது. கணநேரம் விசிறிபோல் விரிந்தது சிறகு. எலுமிச்சை மஞ்சள். அதன் நடுவே, மை தொட்டு இழுத்ததுபோல் வளைந்த கரும்பட்டை.

"பட்டைச்சிறகன்" என்றது கண்காணி. கூரையின் சிவப்பு வடிந்தது. வேலம்மை மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

தெருவார் தண்டனைக்காகக் காத்திருந்தார்கள். வந்ததோ வேறு. பட்டைச்சிறகன் பூமியில் அற்றுப்போய்த் தலைமுறைகள் ஆகிவிட்டதாம். அது வாழ்வது வெறுந்தரையில். குமிழியில் வெறுந்தரை என்று இருப்பது அந்தத் திருட்டுப் பாதை ஒன்றுதான். ஆகவே கண்காணி அறிவித்தது: "பாதை தேய்ந்தே இருக்கவேண்டும். தெருவார் அனைவரும் தினமும் இருவேளை அதில் நடக்க வேண்டும். அரிய உயிரை அழியவிடுகிற குமிழி மனிதர் வாழத் தகுதியற்றது. அப்படி நேர்ந்தால் அனைவரும் சுரங்கம் வழியே வெளியேற்றப்படுவர்."

நடப்பதா பெரிது என்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலை தெருவே சுற்று வழியில் போனது.

ஒருத்திக்குக் கால் உளைச்சல். ஒருவருக்கு அந்த மண் ஒத்துக்கொள்ளவில்லை. கீழ்வீட்டார் நடந்தால்தான் மேல்வீட்டார் நடப்பார்களாம். நாள் தவறாமல் குறுக்கே ஓடிய சங்கரபாண்டியோ, "உத்தரவு போட்டா நடக்கதுக்கு நான் என்ன செக்குமாடா மதினி?" என்றான்.

வேலம்மை மட்டும் நடந்தாள், போகவும் வரவும். ஒரு ஜோடிக் கால் எத்தனை தூரத்தைத் தேய்க்கும்? இரண்டு பக்கமும் கேழ்வரகு உள்ளே சரிந்தது. பாதையில் புல் முளைத்தது. சடசடப்பு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் கேட்கவேயில்லை. நயினாருக்கு நுரையீரல் ஒட்ட இன்னும் நாள் இருந்தது. வீட்டுக்குள் அவன் ஒவ்வொரு முறை இருமும்போதும் சுரங்கக் கதவின் முனகல் அவள் காதில் விழுந்தது.

கடைசியில் சுவரிடம் போனாள். "ஐயா, உத்தரவை வாபஸ் வாங்குங்க. பாதை முகப்புல ஒரு பலகை வைங்க."

என்ன எழுதவேண்டும் என்று சொன்னாள்.

"அது நாம் விரும்புவதற்கு நேர் எதிர் ஆயிற்றே" என்றது கண்காணி.

"நீங்க வைங்க ஐயா."

வைத்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் புல்லைக் காணோம். மறுநாள் பாதை இரண்டு ஆள் அகலம். பட்டைச்சிறகன்கள் எங்கிருந்தோ வந்து காலுக்குக் கால் பறந்தன. சங்கரபாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாத காரியத்துக்கெல்லாம் அதன் வழியே ஓடினான். எதிரே வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் போனார்கள்.

ஆறு மாதக் கெடு முடிந்ததும் நயினார் தன் மூச்சைத் தானே ஊதப் போனான், குறுக்கு வழியில்தான்.

கண்காணி தன் குறிப்பைத் திருத்தி, செவ்வாயின் மற்றக் குமிழிகளுக்கெல்லாம் அனுப்பியது. இனம்: பட்டைச்சிறகன். உணவு: புல். வாழிடம்: 'இங்கே யாரும் நடக்கக்கூடாது' என்று மனிதர்களுக்கு எழுதி வைத்த இடம்.