வர்ஜீனியாப் பிள்ளைகள்

மெற்றில்டாவுக்கு முதலில் பட்டது அந்த மணம்தான். இலண்டனில் மிச்சம் என்ற இடத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்த அவர்களுடைய வீட்டில் சவர்க்கார மணம் வரலாம், கறி மணம் வரலாம், நவம்பர் மாதத்து ஈரச்சுவர் மணம் கட்டாயம் வரும். ஆனால் அன்று பின்னேரம் குசினிக்குள் நின்றது பச்சைப் புகையிலை மணம். சிகரெட் இல்லை. தோட்டத்தில் வெட்டி வாடப் போட்ட இலையின் மணம். தொண்டையில் கசந்து தலையைச் சுற்ற வைப்பது. யாழ்ப்பாணத்து இளவாலையில், புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையே?"

பெற்றோல் ஷெட்டில் பின்னேர ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த கணவன் பெனடிக்ற் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு மூக்கும் அரண்டு போச்சு."

உலகம் அழிந்தாலும் அந்த மனுஷனிடம் ஒரு பகிடி மிஞ்சியிருக்கும். சிரித்தபடியே படியிறங்கிப் போய்விட்டான். அவன் போனபிறகு மணம் இன்னும் கூடியது.

டொலறஸ் மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பத்து வயது, ஒரே பிள்ளை. இவளுக்காகத்தான் இந்தக் குளிர் தேசம். ஊரில் ஒரு பக்கம் ஆமி, ஒரு பக்கம் இயக்கம் என்று பிள்ளைகள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்த ஒன்றையாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஓடிவந்தவர்கள் அவர்கள். தேத்தண்ணிக் கோப்பையை வைக்கும்போது மெற்றில்டா மகளின் விரல்களைப் பார்த்தாள். நுனியெல்லாம் கறுத்து, பிசினாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். கசந்தது.

"பிள்ளை, இதென்ன கையில?"

"அவை இலை முறிக்கச் சொன்னவை."

"ஆர்?"

டொலறஸ் யன்னலைப் பார்த்தாள்.

யன்னல் ஓரத்தில் போன வாரத்து மெழுகு இன்னும் உறைந்து கிடந்தது. மரித்தவர்களின் நாளன்று கொளுத்தியது. ஊரில் என்றால் சேமக்காலைக்குப் போய், கல்லறையைத் துப்புரவாக்கி, மெழுகுதிரியைக் கொளுத்தி அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். வீட்டுக்குள் ஏறமுன் கால் கழுவுவார்கள். இலண்டனில் அவர்களுக்கென்று ஒரு கல்லறையும் கிடையாது. அப்பாவைப் புதைத்த இடத்தில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உடலைக்கூடத் தரவில்லை. அதனால் குசினிக்குள்ளேயே இருவருக்கும் ஒவ்வொன்று கொளுத்தினாள். அப்போதுதான் டொலறஸ் இன்னொன்றைக் கையில் எடுத்தாள்.

"இது வர்ஜீனியாவுக்குப் போன பிள்ளையளுக்கு. ஸ்கூல்ல படிச்சனாங்கள், அம்மா. முந்தி இந்த லண்டன் தெருவில திரிஞ்ச ஏழைப் பிள்ளையளைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கு அனுப்பினவை. போயிலைத் தோட்டத்தில வேலை செய்ய. முக்கால்வாசிப் பேர் செத்துப் போச்சினம். அவைக்கு ஆர் கொளுத்திறது?"

மெற்றில்டாவின் நெஞ்சு இளகிவிட்டது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

"கும்பிட ஆளில்லாத பிள்ளையள், வந்து எங்கட செபத்தை வாங்கிக்கொள்ளுங்கோ" என்று வாய்விட்டே சொன்னாள். பாவம் பார்த்துச் சொன்ன சொல்.

இப்போது அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. வால்தம்ஸ்டோவில் இருக்கும் பெனடிக்றின் தமக்கை அருள்மலருக்கு போன் அடித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்டுக்குள்ளயோ கூப்பிட்டனீ?" அருள்மலரின் குரல் இறங்கிவிட்டது. "உன்ர அப்பாவுக்குப் போக ஒரு கல்லறை இருக்கு, மெற்றில்டா. அதுகளுக்கு என்ன இருக்கு? அதுகள் எங்க போறது?"

"தீர்த்தம் தெளிச்சனான், மச்சாள்."

"தெளி. வேற என்னத்தைச் சொல்ல?"

இப்படிப்பட்ட ஆறுதலைவிட அவள் சும்மா இருந்திருக்கலாம் என்று மெற்றில்டாவுக்கு ஆத்திரம் வந்தது. ரிசீவரை வைத்தாள்.

நாலரைக்கே வெளியே இருட்டிவிட்டது. கீழே சலவை இயந்திரங்கள் சுற்றி ஓய்ந்தன, கடைக்காரன் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனான். அதன்பிறகுதான் மற்றச் சத்தங்கள் தெளிவாகக் கேட்டன: சுவருக்குள் மரம் மெதுவாக முனகுவது, ஒரு கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நின்று பிறகு மறுபக்கம் சாய்வதுபோல, எங்கோ தண்ணீர் பலகையில் மோதுவது, படியில் வெறுங்கால்கள், சின்னக் கால்கள், ஏறி ஏறி வந்து வாசலில் நிற்பது. ஒரு இருமல். அதற்குப் பதில்போல இன்னொரு இருமல். புகையிலை மணத்தோடு இப்போது உப்பும் கலந்திருந்தது.

"பிள்ளை, எழும்பு. சப்பாத்தைப் போடு. அப்பாட்டைப் போவம்."

டொலறஸ் எழும்பவில்லை. அவளுடைய உதடுகள் வெளுத்திருந்தன.

"அம்மா, அவை உங்களை அம்மா எண்டு கூப்பிடலாமோ எண்டு கேக்கினம்."

"வேண்டாம்! ஏலாது எண்டு சொல்லு!"

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

அப்போது மின்சாரம் போனது.

இருட்டு. முழு இருட்டு. தெருவிளக்கின் வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. யன்னலை ஏதோ மறைத்துக்கொண்டு நின்றது. ஒன்றல்ல, பல. தலைகள்.

"அம்மா."

மேசைப் பக்கம். டொலறஸின் குரல்.

"அம்மா."

அடுப்படியில். அதே குரல்.

"அம்மா." கதவோரம். "அம்மா." காலடியில். எல்லாம் டொலறஸ். எல்லாம் தன் பிள்ளை. எந்தத் தாய்க்கும் தன் பிள்ளையின் குரல் தெரியும் என்பார்கள். தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

"என்ர பிள்ளை, கையைத் தா! கையைத் தா!"

ஒரு கை வந்தது. இளஞ்சூடான கை. சின்ன விரல்கள் அவளுடைய விரல்களுக்குள் இறுகின. மாதாவே, மாதாவே. பிடித்தாள். இழுத்தாள். கதவு. படி. ஈரப்படி. வழுக்கியது. விடவில்லை. பின்னால் குரல்கள். திரும்பவில்லை. இன்னும் இரண்டு படி. தாழ்ப்பாள். தெரு.

குளிர் முகத்தில் அடித்தது. ஒரு பஸ் போனது. செம்மஞ்சள் விளக்கின் கீழே நின்று மூச்சு வாங்கினாள். தப்பிவிட்டோம். பிள்ளை கையில் இருக்கிறது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, கட்டி அணைக்கக் குனிந்தாள்.

மொட்டையடித்த தலை. உப்புப் படிந்த இமைகள். கிழிந்த சாக்குச் சட்டை. அவள் கண்டேயிராத ஒரு பிள்ளை, நிம்மதியாகச் சிரித்தது.

"அம்மா" என்றது. "இனி எங்கயும் விடமாட்டியள்தானே?"

அவள் கையை உதறினாள். விரல்கள் கழலவில்லை. மேலே பார்த்தாள்.

குசினி யன்னலில் டொலறஸ் நின்றாள். இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்தாள்; வாய் பிளந்து கத்தினாள்; ஒரு சத்தமும் வரவில்லை. அவளைச் சுற்றிச் சின்னத் தலைகள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், கரும்பச்சைக் கடல் தண்ணீர், அவளுடைய கழுத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.