பெட்டிக்குத் திரும்பாத தேனீக்கள்

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோமளம் அதைக் கவனித்தாள். கொடிரோஸ் பந்தலிலிருந்து திரும்பிய தேனீக்கள், தோட்டத்து மூலையில் அவற்றுக்காக வைத்திருந்த மரப்பெட்டியைக் கண்டுகொள்ளாமல் அதன் தலைக்கு மேலே பறந்து, சுவரோரமாக வளைந்து, அவள் கணவரின் அறை ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

ஒன்றிரண்டு வழி தவறியிருக்கும் என்று நினைத்தாள். குழாயை மூடிவிட்டு நின்று பார்த்தாள். வழி தவறியவை மாதிரி இல்லை. கால்களில் மஞ்சள் மகரந்த உருண்டைகளைச் சுமந்தபடி, வேலை முடிந்து சொந்த வாசலுக்குத் திரும்புகிறவர்களைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. எதுவும் வெளியே வரவில்லை.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற சுந்தரராமனுக்குத் தேனீ ஆசை திடீரென்றுதான் வந்தது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட அந்த அடையாறு தெருவில் தோட்டத்தோடு மிச்சமிருந்தது அவர்கள் வீடு மட்டும்தான். கொட்டிவாக்கத்தில் தேனீ வளர்க்கும் இனாயத்திடமிருந்து பெட்டியோடு ஒரு கூட்டத்தை வாங்கிவந்தார். தேனீக்களுக்காகச் சூரியகாந்தி போட்டார். துளசிக் கதிரை அவள் கிள்ளக்கூடாது என்றார். அகல மண்தட்டில் கூழாங்கல் பரப்பி, மூழ்காமல் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் வைத்தார். அந்த நாட்களில் சாப்பிடும்போதுகூட தேனீப் பேச்சுதான். கோமளத்துக்குச் சலித்துப்போகும். ஆனாலும் அவர் முகத்தில் பழைய வாத்தியார் களை திரும்பியதைப் பார்க்க நன்றாக இருந்தது.

பிறகு பேச்சு நின்றுபோனது.

முதலில் காபி நின்றது. டிகாஷன் இறங்கும் வாசனைக்கே எழுந்து வருகிற மனிதர், டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீர் போதும் என்றார். மதியம் சாப்பிட்டானதும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து தணிந்த குரலில் யாருடனோ பேசுகிற மாதிரி கேட்கும். இந்த வயதில் இப்படியும் ஒரு சந்தேகமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே கோமளம் கதவில் காதை வைத்தாள். வார்த்தை எதுவும் இல்லை. மூச்சுவிட இடைவெளியில்லாத ஒரே சத்தம்.

"யாரோட பேசிண்டிருந்தேள்?" என்று கேட்டாள், அவர் வெளியே வந்ததும்.

"யாரோடயும் இல்லையே."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இரண்டு காதிலும் பஞ்சு.

"காதுல இது என்னது?"

"காத்து ஒத்துக்கலை."

சித்திரை வெயிலில் காற்று ஒத்துக்கொள்ளவில்லையாம். அன்று அவருடைய தலையணை உறையைத் துவைக்க எடுத்தபோது, காது படுகிற இடத்தில் மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். மெழுகு வாசனை. அதற்கடியில், கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தின் வாசனை. உறையைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

மறுநாள் மதியம் மின்சாரம் போயிற்று. ஃபேன் சுற்றி ஓய்ந்தது, ஃப்ரிட்ஜ் ஒருமுறை நடுங்கி அடங்கியது, பக்கத்துக் கட்டடத்து மோட்டார் நின்றது. தெருவே வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த அமைதியில் ரீங்காரம் மட்டும் நிற்காமல் கேட்டது. புழுக்கத்துக்காக அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். கோமளம் எட்டிப் பார்த்தாள். மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. நெற்றியில் கை வைத்தாள். ஜுரம் போலச் சுட்டது. உள்ளங்கைக்குக் கீழே, எலும்புக்கு உள்ளே, ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். அவர் கண் திறக்கவில்லை.

இனாயத்துக்கு அவளே ஃபோன் செய்தாள். மறுநாள் காலை சுந்தரராமன் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவனைப் பின்பக்கமாக வரச்சொன்னாள். புகை போடும் டப்பாவோடு வந்தவன், பெட்டியின் மூடியைத் தூக்கியதும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

"இன்னா மாமி இது? பொட்டி காலியா கீது."

உள்ளே தேனடைகள் கறுத்துப்போய், ஒட்டடை பிடித்துத் தொங்கின.

"ஈ போயி ரொம்ப நாளாயிருக்கும். சார் சொல்லலியா?"

"அப்போ இதெல்லாம் எங்கேர்ந்து வரது?"

பந்தலைச் சுற்றிப் பறந்தவற்றைக் காட்டினாள். இனாயத் அவற்றைப் பின்தொடர்ந்து பார்த்தான். அவன் கண் சுவரோரமாக வளைந்து, அறை ஜன்னலில் போய் நின்றது. அப்போது ஒரு தேனீ கோமளத்தின் காதுத் தோடருகே வந்து அமர்ந்தது. அவள் கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்க. கொட்ட வர்ல அது. எடம் பாக்குது."

"எடமா?"

"கூட்டம் பெருசாயிட்டா இருக்கிற எடம் பத்தாது மாமி. பழைய ராணிய கூட்டிக்கினு பாதி ஈ கெளம்பிடும். அதுக்கு முன்னாடி சில ஈ மட்டும் வந்து பொந்து தேடும். வாய் சின்னதா கீதா, உள்ள இருட்டா கீதான்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். பின்கட்டு வாசலில் சுந்தரராமன் ஈரத்துண்டோடு நின்றிருந்தார். காதில் பஞ்சு இல்லை. ஜன்னல் பக்கமிருந்து வந்த ஒரு தேனீ அவர் கழுத்தில் இறங்கி, நிதானமாக மேலே நடந்து, காதுக்குள் போயிற்று. அவர் இமைகூட ஆடவில்லை.

இனாயத் பின்னுக்கு நகர்ந்தான். "வூட்டாண்ட இருக்காதீங்க மாமி," என்றான், உதடு அசையாமல். "யாராச்சும் சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிடுங்க." டப்பாவை எடுக்காமலே போய்விட்டான். புல்லில் அது தனியாகப் புகைந்துகொண்டிருந்தது.

"யாரு அது?" என்றார் சுந்தரராமன்.

"பழைய பேப்பர்காரன்," என்றாள்.

அவர் சிரித்தார். வாயைத் திறக்காமல்.

அன்று பகல் முழுவதும் அவர் ஹாலில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோமளம் சமையலறையில் எதையோ நறுக்கினாள், எதையோ கிளறினாள். இவ்வளவு வருஷம் கூட வாழ்ந்த மனுஷரை இப்படி விட்டுவிட்டுப் போவதா? டாக்டரைக் கூப்பிட்டால் என்ன சொல்வது? மயிலாப்பூரில் அக்கா வீடு இருக்கிறது. அங்கே போய் யோசிக்கலாம். விளக்கேற்றும் நேரத்தில் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். அவள் ஃபோனில் ஆட்டோவுக்குச் சொன்னாள். ஒரு பையில் புடவைகளைத் திணித்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். ஹாலுக்கு வந்தாள்.

அவர் வாசல் கதவின் முன்னால் நின்றிருந்தார்.

"எங்க போறே?"

குரல் அவருடையதுதான். ஆனால் ஒன்றாக வரவில்லை. பல சின்னக் குரல்கள் சேர்ந்து அந்தக் குரலைச் செய்துகாட்டின.

"அக்காவாத்துக்கு. நாளைக்கு வந்துடறேன்."

"உக்காரு கோமளம்."

"ஆட்டோ வந்துடுமே..."

"உக்காரேன்."

தோளைத் தொட்டார். கல்யாணமான புதிதில் தொட்ட மாதிரி, அவ்வளவு மிருதுவாக. அந்தச் சூட்டில் அவள் பையைக் கீழே விட்டாள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் குனிந்து, அவள் காதோரம் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார்.

"எனக்குள்ள எடம் பத்தலை."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. கோமளம் கூப்பிட வாயெடுத்தாள். உதட்டில் கால்கள் ஊர்ந்தன. வாயை இறுக மூடினாள். இரண்டு காதையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள்.

விரலிடுக்கில் ஒன்று. மூக்கோரம் ஒன்று. நின்று, திரும்பி, மறுபடி நின்று.

ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம்.

சுந்தரராமன் மெல்ல வாயைத் திறந்தார். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் அடை. மேலண்ணத்திலிருந்து தொண்டைவரை வரிசை வரிசையாக, தேன் பளபளக்கும் அறைகள். அவை அசைந்தன. தேனீக்கள் வழிந்தன. உதட்டைத் தாண்டி, முகவாயைப் பற்றி, ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, தாடி போல மார்புவரை தொங்கின. அறை முழுக்க அந்தச் சத்தம்.

அவர் அவள் கையைக் காதிலிருந்து விலக்கினார். அவசரமே இல்லை. ஒவ்வொரு விரலாக.

பிறகு தன் ஆள்காட்டி விரலைக் கீழுதட்டருகே கொண்டுபோனார். கூட்டம் விலகி வழிவிட்டது. நீண்ட வயிறும் குட்டைச் சிறகுமாக ராணி உள்ளேயிருந்து வந்தது. விரல்மேல் ஏறி நின்றது. அந்த விரலை, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவரைப் போல, அவள் காதை நோக்கி நீட்டினார்.