குவிமாடத்தில் பிடித்த கை

'வானம் பார்க்க வாருங்கள், கட்டணம் இல்லை' என்ற அறிவிப்பைப் படித்ததும் தையற்கடைக்காரிக்கு வாயெல்லாம் பல். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் மகள் அவளிடம் இருப்பாள். மற்ற நாளெல்லாம் அப்பா வீடு. ஏழு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

குன்றின் மேல் இருந்தது அந்த வானாய்வுக்கூடம். வட்டச் சுவர், இரும்புப் படிகள், எண்ணெயும் தூசியும் கலந்த வாசனை. குவிமாடத்தின் பிளவு வழியே தொலைநோக்கி வானத்தை நோக்கி நீண்டிருந்தது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது.

"இதையும் அணைக்கப் போறேன்," என்றார் தொலைநோக்கியை இயக்குபவர். "கண்ணு இருட்டுக்குப் பழகணும். யாராவது செல்போனைத் திறந்தா எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து காத்திருக்கணும். குழந்தைங்க கையை விட்டுடாதீங்க."

"அம்மா, நட்சத்திரம் நம்மளைப் பார்த்துக் கண்ணடிக்குமா?"

"நீ முதல்ல வாயை மூடுடி, அடிக்கும்."

விளக்கு அணைந்தது.

வரிசை ஊர்ந்தது. செருப்புகளின் உரசல், யாரோ செருமும் சத்தம். சட்டென்று அவள் கைப்பை அதிர்ந்தது. பிரிந்திருக்கும் கணவனாகத்தான் இருக்கும்; எடுக்காவிட்டால் சண்டை. பதறிப்போய் மகளின் கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். பளீரென்று வெளிச்சம்.

"அட, அணைங்கம்மா!"

"இவ்வளவு நேரம் சொன்னது காதுல விழலையா?"

கூனிக்குறுகி அணைத்தாள். கண்ணுக்குள் கருந்திட்டுகள் மிதந்தன. கையை நீட்டித் துழாவினாள். சின்ன விரல்கள் வந்து அவள் உள்ளங்கைக்குள் நுழைந்துகொண்டன.

சில்லென்று இருந்தன. குன்றுக் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, எங்க இருக்க?"

வாலுவின் குரல் எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

வேறு யார் காதிலும் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் கைக்குள்ளிருந்த விரல்கள் இறுகின. "அது நான் இல்லம்மா," என்றது இடுப்பருகே ஒரு கிசுகிசுப்பு. அதுவும் வாலுவின் குரலேதான்.

"பயமா இருக்கு. லைட் போடும்மா," என்று எதிர்ச்சுவர்ப் பக்கக் குரல் கெஞ்சியது.

கைப்பையின் ஜிப் சரசரக்கப் போனைத் தொட்டாள். ஒருமுறை அமுக்கினால் போதும்.

"மறுபடியுமா?" என்று பின்னால் ஒருவர் சலித்துக்கொண்டார்.

கட்டைவிரல் தயங்கியது. கைக்குள் இருப்பதை நம்பினாள். அதை இழுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வெளியே ஓடினாள்.

வாசல் விளக்கடியில் குனிந்து பார்த்தாள். வாலுதான். அதே கோணல் வகிடு, அதே முன்பல் ஓட்டை. வாரியணைத்துக்கொண்டு அழுதாள்.

கூட்டம் கலைந்தபின் இயக்குபவர் கதவைப் பூட்ட வந்தார்.

"சார், உள்ள வேற குழந்தை யாராவது..."

"எல்லாரும் இறங்கிட்டாங்கம்மா. நல்லாப் பார்த்துட்டுத்தான் பூட்டறேன்."

தலைக்கு மேலே குவிமாடத்தின் பிளவு கரகரவென்று மூடிக்கொண்டது.

மகளின் கையைப் பிடித்து இறங்கத் தொடங்கினாள். விரல்களில் இன்னும் சூடு ஏறவில்லை. பாதி வழியில் பிள்ளை நின்று அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?"