வாசலைப் பார்த்து எழுதிய பட்டியல்

வாண்டுவின் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். ஊரிலுள்ள கல்லூரிகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம், எங்கே வண்டியைத் திருப்பலாம், எந்தக் காவலாளி வள்ளென்று விழுவார், எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். அதனால் அக்கா பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்ததும், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது என்ற பொறுப்பை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறு கல்லூரிகளுக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒரே மூச்சில் ஆறையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். முதலில் இருந்தது, வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் கல்லூரி. அடுத்தது, இரும்புக் கதவின் நுனிக்கெல்லாம் தங்க வண்ணம் பூசிய கல்லூரி.

“அங்க இறங்குற பசங்களைப் பாக்கணுமே,” என்பார் அப்பா. “நம்ம பொண்ணும் ஒரு நாள் அங்க இறங்குவா.” அதைச் சொல்லும்போது அவர் முகமே வேறு மாதிரி ஆகிவிடும்.

வாண்டுவுக்குப் பத்து வயது. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, அது பள்ளிக்கூடத்தோடு சரி. அவளும் அக்காவும் ஒரே அறை. ஆகையால் அக்கா சில நாட்களாக நகத்தைக் கடிப்பதும், புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தை முறைத்துக்கொண்டிருப்பதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை.

திங்கட்கிழமை விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாண்டு அக்காவைப் பிடித்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் அக்கா வாயைத் திறந்தாள்.

“அந்த ஆறும் முதல் மார்க் வாங்குறவங்களுக்குடி. என் மார்க் நல்ல மார்க்தான், ஆனா அந்த அளவுக்கு இல்ல. ஆறும் முடியாதுன்னு சொல்லிட்டா நான் ஒரு வருஷம் வீட்ல உக்காரணும்.”

“அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எவ்வளவு ஆசையா எழுதினார், பாத்த இல்ல? எப்படிச் சொல்றது? நீயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு.”

வாண்டு சத்தியம் செய்தாள். செய்த பிறகுதான் எப்படி மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது. சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. அக்கா என்றால் அவளுக்கு உயிர். கணக்குப் பரீட்சையில் அவளைக் கரையேற்றுகிறவள் அக்கா. மழை பெய்தால் குடையை வாண்டு பக்கமே சாய்த்துப் பிடித்துத் தான் நனைகிறவள். அப்படிப்பட்ட அக்கா ஒரு வருஷம் வீட்டில் உட்காருவதா?

சொல்லத்தான் கூடாது, கேள்வி கேட்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தாள். “அப்பா, அந்தச் சிங்கம் வெச்ச காலேஜ் உள்ள எப்படி இருக்கும்?”

பிரமாதமாக இருக்கும் என்றார் அப்பா. நூலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். உள்ளேதான் எங்கேயாவது இருக்கும் என்றார். அக்கா ஆசைப்படும் படிப்பு, அதாவது செயற்கைக் கை, கால் செய்யும் படிப்பு, அங்கே இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா தண்ணீர் குடித்தார்.

“என்னங்க,” என்றாள் அம்மா மெதுவாக, “அந்த ஆறுல ஒண்ணுக்குள்ளயாவது நீங்க போயிருக்கீங்களா?”

போனதில்லை. ஆளை வாசலில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்புவதுதான் அவர் வழக்கம். ஆறு கல்லூரிகளையும் வாசலை வைத்தே தேர்ந்தெடுத்திருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு ரோஷம் வந்தது. நாளைக் காலையில் எல்லாரும் வண்டியில் ஏறுங்கள், உள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சிங்கங்களைத் தாண்டி நால்வரும் உள்ளே போனார்கள். அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் படிப்பு இங்கே இல்லை என்றார். போன வருஷம் இங்கே இடம் கிடைத்தவர்கள் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தார்கள் என்று வாண்டு கேட்டாள். அந்த அம்மாள் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அப்பா திரையைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமாம்மா?”

அக்கா தலையாட்டினாள்.

“ஏன் சொல்லல?”

“நீங்க ஆசைப்பட்டீங்களேப்பா.”

“நீ நல்லா இருக்கணும்னுதாம்மா ஆசைப்பட்டேன். சிங்கம் கிடக்குது,” என்றார் அப்பா. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் படிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று கண்ணாடி அம்மாள் விவரமாகச் சொன்னார். பார்க்கப்போனால் அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவர் சொன்ன கல்லூரிகளில் ஒன்று ஒரு தகரத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. அப்பா திடுக்கிட்டார். அந்த இடத்துக்கு வாசல் கதவே கிடையாது, ஒரு சங்கிலிதான் கட்டியிருப்பார்கள் என்றார். சங்கிலியைத் தாண்டிப் போய்ப் பாருங்கள் என்று அந்த அம்மாள் சிரித்தார்.

போனார்கள். உள்ளே பட்டறையில் ஒரு நீளமான மேஜை, அதன்மேல் வரிசையாகக் கைகள். அம்மா இரண்டடி பின்வாங்கினாள். பட்டறை ஆசிரியர் ஒரு கையை எடுத்து வாண்டுவிடம் நீட்ட, அவள் குலுக்கினாள். அது அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. அக்கா குனிந்து அதன் மணிக்கட்டை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கொக்கியை அழுத்தினாள். பிடி விட்டது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆசிரியர் வியப்போடு கேட்டார். யாருமில்லை என்றாள் அக்கா. விரலை மடக்க முடியாத தன் வகுப்புத் தோழிக்காகப் பழைய பெல்ட்டில் கரண்டியைப் பொருத்திக் கொடுத்ததைச் சொன்னாள். அவ்வளவுதான், இருவரும் பேச்சில் மூழ்கிவிட்டார்கள். அக்கா இப்படி வாய் ஓயாமல் பேசி எத்தனையோ நாளாயிற்று. அவள் மார்க் அங்கே தாராளமாகப் போதும் என்பதும் தெரிந்தது.

அந்த அம்மாள் சொன்ன மீதிக் கல்லூரிகளையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு அப்பா பேனாவை அக்காவிடம் நீட்டினார். “இந்தா, நீயே எழுது.”

கொஞ்சம் எட்டாத உயரத்தில் இரண்டு, அவள் மார்க்குக்குச் சரியாக இரண்டு, கட்டாயம் கிடைக்கும் என்று இரண்டு. தங்க நுனிக் கல்லூரியில் அந்தப் படிப்பு இருந்ததால் அது மட்டும் இருக்கட்டும் என்று அப்பா கெஞ்சினார். கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும் என்று அக்காவும் சேர்த்துக்கொண்டாள். கடைசி இடத்துக்கு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அம்மா ஒரு கல்லூரியைச் சொன்னாள்.

வாண்டு குறுக்கே புகுந்தாள். “மத்த அஞ்சும் இல்லன்னு ஆகி, இது மட்டும் கிடைச்சா நீ சந்தோஷமா போவியாக்கா?”

அக்கா யோசித்தாள். “மாட்டேன்.”

“அப்ப அது வேண்டாம்.”

அம்மாவும் சரி என்றாள். அந்த இடத்தில் அக்காவுக்குப் பிடித்த வேறொன்று ஏறியது.

சில மாதங்கள் கழித்துப் பதில்கள் வந்தன. எட்டாத உயரத்தில் இருந்த இரண்டும் கையை விரித்துவிட்டன. அப்பா ஒரே ஒரு பெருமூச்சு விட்டார், அதோடு சரி. மூன்றாவது பதில் வந்தபோது வாண்டு குளித்துக்கொண்டிருந்தாள், தலை முழுக்க நுரை. குளியலறைக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“வாண்டு, பட்டறை காலேஜ்ல இடம் கிடைச்சிடுச்சுடி,” என்றது அக்காவின் குரல். “அப்பா அம்மாகிட்ட இன்னும் சொல்லல. முதல்ல உன்கிட்டதான் சொல்றேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “தேங்க்ஸ்டி,” என்றாள்.

பத்து வருஷத்தில் அக்கா அவளிடம் தேங்க்ஸ் சொன்னது அதுதான் முதல் தடவை. வாண்டுவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அது சோப்பு போனதால்தான் என்று அவள் இன்றுவரை சாதிக்கிறாள்.